உரித்துப்போட்ட சட்டைகள்

கல்லில் கிடைப்பது பெரும்பாலும் முதுகு மட்டும்தான். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் ஊர்ந்த ஓர் உயிரின் கால்கள் கரைந்துவிட்டன, செவுள்கள் கரைந்துவிட்டன, தடவித் தடவி வழி கண்ட உணர்கொம்புகளும் போயின. சுண்ணச்சத்து ஏறி இறுகியிருந்த முதுகோடு ஒன்றே தங்கியது. டிரைலோபைட் என்னும் இந்த உயிர்க்கூட்டத்தைப் பற்றி மனிதர்கள் முந்நூறு ஆண்டுகளாகச் சேர்த்த அறிவில் பெரும்பகுதி, அந்த முதுகைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்ததால் வந்தது.

இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் 20,000க்கும் மேல். சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலத்துக் கடல்களில் இவை தோன்றின. 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலம் முடிந்த பேரழிவில் கடைசி வாரிசும் மறைந்தது. வளர்ந்து முடிந்த பிறகும் ஒரு மில்லிமீட்டர் அளவே இருந்தவை உண்டு. கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கரையில், சர்ச்சில் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1998இல் கிடைத்த ஐசோடெலஸ் ரெக்ஸ் 70 சென்டிமீட்டரைத் தாண்டியது. இவை அத்தனைக்கும் முதுகைப் பார்த்தே உறவு பிரிக்க வேண்டும். யாருக்கு யார் உடன்பிறப்பு, யார் பங்காளி, யார் வெறும் முகச்சாயல் மட்டும் ஒத்த அந்நியர் என்று சொல்ல வேண்டும். பாறை அடுக்குகளின் வயதைக் கணிக்க இந்த வேலை உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பயனை மட்டும் கருதி ஒருவர் தம் வாழ்நாளையே இதில் கொட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறேதோ ஒன்று அவர்களைக் குனிய வைத்திருக்கிறது.

அது ஆன்மிகத்துக்கு நெருங்கியது என்று நினைக்கிறேன். ஆன்மிகம் என்றால் எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது என்றொரு எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. நம் முன்னோர் அவ்வளவு அவசரப்படவில்லை. சைவ சித்தாந்தம் தத்துவங்களை 36 என்று எண்ணுகிறது. மண், நீர், தீ என்று தொடங்கி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இது இன்ன தன்மையது என்று கண்டு, அதன் பிறகே அதைக் கடந்து மேலே போகச் சொல்கிறது. எண்ணாமல் கடக்க முடியாது என்பது அதன் துணிபு. தொல்காப்பியத்தின் மரபியலும் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. அதில் நண்டும் தும்பியும் நான்கறிவுடையவை, எறும்புக்கு மூன்றறிவு. டிரைலோபைட், நண்டுக்கும் தும்பிக்கும் எறும்புக்கும் தூரத்துச் சொந்தம். எல்லாமே கணுக்காலிகள். தொல்காப்பியர் கையில் ஒரு டிரைலோபைட் கிடைத்திருந்தால் எங்கே வைத்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு. கண் தெளிவாகத் தெரிவதால் நண்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கலாம். கண்ணே இல்லாத டிரைலோபைட் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது கடினமான கேள்வி. அந்த இடத்தில் பிற்காலத்து விஞ்ஞானிகளே தடுமாறினார்கள்.

டிரைலோபைட்டைப் பார்க்கப் பழகுவோர் பலரும் எல்ராத்தியா கிங்கி என்ற இனத்தில்தான் தொடங்குகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹவுஸ் மலைத்தொடரின் களிப்பாறையில் இது ஏராளமாகக் கிடைக்கிறது. கட்டைவிரல் நுனியளவு, கறுத்த முதுகு, பாறையிலிருந்து தானாகவே கழன்று வந்துவிடும். அந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளான பாவந்த் யூட் மக்கள் இதைத் துளையிட்டுக் கோத்து, நோய்க்குக் காப்பாகக் கழுத்தில் அணிந்தார்கள். இதைக் கையில் எடுத்துப் பார்த்து, இது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது, நீரில் வாழ்ந்தது என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். வகைப்பாட்டின் முதல் படியே அதுதான். கல்லை உயிர் என்று அறிவது.

முதலில் நீளவாக்கில் பார்க்க வேண்டும். நடுவே ஓர் உயர்ந்த மேடு தலையிலிருந்து வால் வரை ஓடுகிறது. அதன் இருபுறமும் தாழ்ந்த இரண்டு பக்கங்கள். இந்த மூன்று நீளக் கூறுகளை வைத்துத்தான் 1771இல் ஜெர்மானியரான வால்க் இந்தக் கூட்டத்துக்குப் பெயரிட்டார். தலை, உடல், வால் என்ற மூன்றைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். குறுக்குவாக்கில் அப்படியும் மூன்று இருக்கிறது என்பதால் அந்தக் குழப்பம் எளிதில் தீர்வதில்லை. ஒரே உடலை இரண்டு திசைகளில் பிரிக்கலாம், இரண்டிலும் மூன்றே வரும்.

பிறகு தலைக்கவசம். அதன் நடுவில் புடைத்து நிற்பது நெற்றிமேடு. அதற்கு அடியில் இருந்தது மூளை என்று தோன்றும்; பெரும்பகுதி இரைப்பை. மேட்டின் இருபுறமும் சிறு பள்ளக் கோடுகள் உள்ளே வாங்கியிருக்கும். ஆதியில் தனித்தனியாக இருந்த கணுக்கள் ஒன்றாக இணைந்து தலையான கதையின் மிச்சம் அவை. அடியில் கால்களை அசைத்த தசைகள் பற்றியிருந்த இடங்களும் அவைதான். கண்ணுக்குத் தெரியாத கால், கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தில் தன் இருப்பைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. எத்தனை பள்ளம், எவ்வளவு ஆழம், முன்னோக்கிச் சாய்கிறதா பின்னோக்கியா, மேடு முன்னால் குறுகுகிறதா விரிகிறதா என்பதையெல்லாம் வகைப்படுத்துவோர் குறித்துக்கொள்கிறார்கள். அடுத்து மார்பின் கணுக்களை எண்ணுகிறார்கள். எல்ராத்தியாவுக்கு 13. கடைசியில் வால்தகடு, தலையை நோக்கச் சிறியதா, சமமா, பெரியதா என்று பார்க்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரு சின்னக் கல்லில் பார்த்து முடிக்கும்போது மனம் ஓரளவு அடங்கியிருக்கும். மூச்சை எண்ணும் பயிற்சியில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது என்று நினைக்கிறேன். எண்ணுவதற்கு ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டால் எண்ணுகிறவன் கொஞ்ச நேரம் காணாமல் போகிறான்.

தலைக்கவசத்தில் இன்னொரு கோடு உண்டு. மெல்லிய கோடு, அவசரக்காரர் கண்ணுக்குத் தப்பிவிடும். முன்விளிம்பில் தொடங்கிக் கண்ணின் உள்ஓரத்தை ஒட்டி வளைந்து, பின்விளிம்பையோ பக்கவிளிம்பையோ சென்று தொடும். முகத்தின் தையல் இது. வளர்வதற்காக ஓட்டைக் கழற்றும்போது இந்தத் தையல் பிரியும். வெளிக்கன்னங்கள் இரண்டும் விலக, அந்த வாசல் வழியாகப் புதுத் தோலோடு உயிர் முன்னால் நழுவி வெளியேறும். பழைய சட்டை கடலடியில் கிடக்கும்.

நமக்குக் கல்லில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இப்படிக் கழற்றிப்போட்ட சட்டைகள்தாம். ஓர் உயிர் தன் வாழ்நாளில் பல சட்டைகளைக் கழற்றியது. அருங்காட்சியக இழுப்பறையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு ஓடுகள் ஒரே உயிருடையவையாகக்கூட இருக்கலாம். உடலை ஆடையாகவும் உயிரை அதைக் களைந்து செல்வதாகவும் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. இங்கே அதை உவமையாகச் சொல்ல வேண்டியதில்லை, நடந்ததே அதுதான். உயிர் விட்டுப்போன இடத்தைத்தான் அறிவியல் அளந்துகொண்டிருக்கிறது. அளக்கிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால் அவர்கள் அளவை ஒரு மில்லிமீட்டரும் குறைத்துக்கொள்வதில்லை என்பதைத்தான் நான் வியந்து பார்க்கிறேன்.

இந்தத் தையல்கோட்டையே வகைப்பாட்டின் அச்சாணியாக வைத்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பீச்சர். நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்ற ஊருக்கு அருகில் ஒரு பாறைப்படுகையில், இரும்புக் கந்தகமான பைரைட் படிந்து பொன்னிறமாக மாறிய டிரையார்த்ரஸ் டிரைலோபைட்டுகள் கிடைத்தன. கால்களும் உணர்கொம்புகளும் அப்படியே இருந்தன. அவற்றைப் பொறுமையாகச் சுரண்டிச் சுத்தம் செய்து உலகுக்குக் காட்டியவர் பீச்சர். கால்களையே கண்ணால் கண்ட அவர், 1897இல் வகைப்பாட்டை எழுத உட்கார்ந்தபோது கால்களை நம்பவில்லை. நம்பவும் முடியாது. அப்படிக் கால் தெரிந்த இனங்கள் இன்றைக்கும் சில டஜன்களைத் தாண்டாது.

எல்லாவற்றிலும் கிடைக்கும் ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அது தையல். கோடு பின்விளிம்பைத் தொட்டால் கன்னத்து முள் வெளிக்கன்னத்தோடு போகும். அவை ஒரு வரிசை. பக்கவிளிம்பைத் தொட்டால் முள் தலையோடு தங்கும். அவை இன்னொரு வரிசை. முதுகுப்பக்கம் கோடே தெரியாமல், தையல் விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டவையும், கூட்டுக்கண் இல்லாதவையும் மூன்றாவது வரிசை. மூன்றே பெட்டி. அழகான ஏற்பாடு. ஆனால் கலிமீனி என்ற டிரைலோபைட்டின் கோடு கன்னத்தின் மூலைமுனையிலேயே சரியாகப் போய் முடிகிறது. பின்விளிம்பா பக்கவிளிம்பா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. இங்கிலாந்தின் டட்லி ஊர்க்காரர்களின் செல்லமான கல் அது. ஊரின் சின்னத்திலேயே இடம்பிடித்தது. பெட்டிகளைப் பற்றி அதற்கு எந்தக் கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது பெட்டிதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. அதில் பீச்சர் ஒன்றாகச் சேர்த்தவை அக்னாஸ்டஸ், டிரைநியூக்ளியஸ், ஹார்ப்பஸ் ஆகியவற்றின் கூட்டத்தார். டிரைலோபைட்டுகளின் மிகச் சிறிய குஞ்சுப் பருவத்தில் தையல் விளிம்பில்தான் இருக்கிறது. ஆகவே வளர்ந்த பிறகும் அப்படியே இருப்பவை ஆதிநிலையில் நின்றுவிட்டவை, மூத்தவை என்று அவர் கருதினார். காலப்போக்கில் வேறுவிதமாகத் தெளிந்தது. பார்வையற்ற டிரைலோபைட்டுகளில் பல, பார்வையுள்ள முன்னோருக்குப் பிறந்தவை. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் அல்லது சேற்றுக்குள் வாழப்போன குடும்பங்கள், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கடல்களில், தனித்தனியாகக் கண்ணை இழந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்தது ஓர் இழப்பு மட்டுமே. இன்று அந்த மூன்றும் மூன்று தனி வரிசைகள்.

ஒரே குறை உடையவர்கள் ஒரே குலம் என்று எண்ணிவிடும் பழக்கம் கல்லோடு நிற்பதில்லை. ஏழை என்று ஒரு கூட்டம், படிக்காதவர் என்று ஒரு கூட்டம், துக்கப்படுகிறவர் என்று ஒரு கூட்டம் நாமும் வகுத்துவைத்திருக்கிறோம். எந்தக் கடலிலிருந்து எந்த ஆழத்துக்கு இறங்கியதால் ஒருவர் எதை இழந்தார் என்று கேட்பதற்கு நேரம் பிடிக்கும். பீச்சர் 1904இல் இறந்துபோனார். அவருடைய மூன்றாவது பெட்டியைப் பிரிக்கப் பிறகு வந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இழந்த கண்ணைப் பற்றிச் சொல்லும்போது இருந்த கண்ணையும் சொல்ல வேண்டும். டிரைலோபைட்டின் வில்லைகள் கால்சைட் என்னும் கனிமத்தால் ஆனவை. கால்சைட் வழியாகப் பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரியும் என்பது பள்ளி ஆய்வகத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். ஒரே ஒரு திசையில் மட்டும், படிகத்தின் முக்கிய அச்சு வழியாகப் பார்த்தால், ஒன்று ஒன்றாகவே தெரியும். டிரைலோபைட்டின் ஒவ்வொரு வில்லையும் அந்த அச்சு வெளிநோக்கி அமையும்படி வளர்ந்திருக்கிறது. இரண்டாகக் காட்டும் கல்லுக்குள், ஒன்றாகக் காட்டும் ஒரே பாதையை உயிர் தேர்ந்துகொண்டது. அத்வைதிகள் இதைக் கேள்விப்பட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அதிலிருந்து பாடம் எடுக்க மனமில்லை. அந்த வில்லை அப்படி அமைந்தது என்பதே நிறைவாக இருக்கிறது.

கண்ணும் வகைப்பாட்டுக்கு உதவியது. பெரும்பாலானவற்றில் சின்னஞ்சிறு வில்லைகள் ஒன்றையொன்று ஒட்டி நெருங்கி, ஒரே மெல்லிய சவ்வால் மூடப்பட்டிருக்கும்; எண்ணிக்கை ஆயிரங்களில் போகும். ஃபாகோப்ஸ் என்ற டிரைலோபைட்டின் சொந்தங்களில் மட்டும் வில்லைகள் பெரியவை, ஒவ்வொன்றும் தனித்து நிற்கும், ஒவ்வொன்றுக்கும் சொந்த மூடுசவ்வு. வெறும் கண்ணாலேயே எண்ணலாம். நைல்ஸ் எல்ட்ரெட்ஜ் என்னும் இளைஞர், வட அமெரிக்காவின் டெவோனியன் பாறைகளில் இவற்றின் வில்லை வரிசைகளை எண்ணிக்கொண்டே போனார். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு எண்ணிக்கை மாறவேயில்லை; பிறகு சட்டென்று மாறியது. அந்தச் சலிப்பூட்டும் எண்ணிக்கையிலிருந்துதான், ஸ்டீபன் ஜே கூல்டுடன் சேர்ந்து அவர் 1972இல் வெளியிட்ட கருத்து பிறந்தது. இனங்கள் நெடுங்காலம் அசையாமல் இருந்து, சிறு இடைவெளிகளில் மாறுகின்றன என்றது அது. மொராக்கோவில் கிடைத்த எர்பெனோக்கிலே என்ற டிரைலோபைட்டின் கண் ஒரு கோபுரம்போல நிமிர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு விளிம்பு வெயிலுக்குக் கை வைத்து மறைத்ததுபோல நீண்டிருக்கிறது. மேலிருந்து வெளிச்சம் விழுந்த பகல்வேளையில் அது நடமாடியது என்று அந்த விளிம்பு ஒன்றே சொல்லிவிட்டது.

வளர்ந்த உருவத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம் என்பதை முதலில் அழுத்தமாகக் காட்டியவர் ஜோவாக்கிம் பராந்த். 1799இல் பிரான்ஸில் பிறந்தவர், பொறியாளர், பத்தாம் சார்லஸ் மன்னரின் பேரனுக்கு ஆசிரியர். 1830இன் புரட்சியில் மன்னர் குடும்பம் நாட்டைவிட்டு ஓட, அவர்களோடு சேர்ந்து பிராக் நகரத்துக்கு வந்தார். மன்னர் குடும்பம் பிறகு அங்கிருந்து போய்விட்டது, பராந்த் தங்கிவிட்டார். அந்தப் பகுதியான பொஹீமியாவின் பாறைகள் அவரைப் பிடித்துக்கொண்டன.   

சாவோ ஹிர்சூட்டா என்றொரு சிறு டிரைலோபைட். அதன் பல்வேறு உருவங்களை ஹாவ்லே, கோர்டா என்னும் ஆய்வாளர்கள் 1847இல் வெளியிட்ட நூலில் தனித்தனி உயிர்களாகவே பெயரிட்டிருந்தார்கள். பராந்த் நூற்றுக்கணக்கான கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வட்டத் தகடாக, கணுவே இல்லாமல் தொடங்குகிறது. பிறகு தலையும் வாலும் பிரிகின்றன. ஒவ்வொரு சட்டை கழற்றலிலும் வாலின் முன்விளிம்பிலிருந்து ஒரு கணு விடுபட்டு மார்பில் சேர்கிறது. கணுக்களின் எண்ணிக்கை நிறைந்ததும் கூடுவது நின்று, உருவம் மட்டும் பெரிதாகிறது. சுமார் இருபது படிகளாக அவர் அடுக்கிக் காட்டிய எல்லாமே ஒரே சாவோ ஹிர்சூட்டா. ஒரு குழந்தையின் தொட்டில் பருவத்துக்கும் பள்ளிப் பருவத்துக்கும் வாலிபத்துக்கும் தனித்தனி வீட்டுப்பெயர் கொடுத்ததுபோல ஆகியிருந்தது.

1852இல் தொடங்கி அவர் வெளியிட்ட பெருநூல் தொகுதி தொகுதியாக வந்துகொண்டே இருந்தது. 1883இல் அவர் இறந்தபோதும் முடியவில்லை. சேகரித்த கற்களைப் பிராக் அருங்காட்சியகத்துக்கே விட்டுச்சென்றார். அந்த நகரத்தின் பராந்தொவ் பகுதிக்கு அவர் பெயரிலிருந்தே பெயர். ஒன்று மட்டும் எனக்குப் புரிபடாமல் இருக்கிறது. ஒரே உயிர் இருபது உருவம் எடுப்பதைக் கல்லில் படிப்படியாகக் கண்டவர், ஓர் இனம் இன்னோர் இனமாக மாறும் என்பதைக் கடைசிவரை ஏற்கவில்லை. டார்வினுக்கு எதிராகத் தம் டிரைலோபைட்டுகளையே சாட்சிக்கு அழைத்தார். அவர் கண் பொய் சொல்லவில்லை, கை சோம்பவில்லை. அவர் வரைந்துவைத்த படங்களை, அவர் மறுத்த கருத்தை நம்புகிறவர்களும் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். நம்பிக்கை ஒரு திசையில் போனாலும் கவனம் நேர்மையாக இருந்தால் அதன் விளைச்சல் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது.

முதுகுக்கு அடியிலும் பார்க்க வழி பிறந்தது. சில சுண்ணாம்புப் பாறைகளில் ஓடுகள் சிலிக்காவாக மாறியிருக்கும். பாறையை அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து, ஓடுகள் மட்டும் கண்ணாடிச் சில்லுபோல அடியில் தங்கும். அமெரிக்காவின் வர்ஜீனியாப் பாறைகளிலிருந்து ஹாரி விட்டிங்டன் இப்படி எடுத்தவற்றில் குஞ்சுப் பருவ ஓடுகளும் இருந்தன, வாய்க்கு முன்னால் அடிப்பக்கம் இருந்த சிறு தகடும் இருந்தது. அந்த வாய்த்தகடு முதுகோட்டின் விளிம்போடு ஒட்டியிருக்கிறதா, ஒட்டாமல் மெல்லிய தோலில் மிதக்கிறதா என்பதை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ரிச்சர்ட் ஃபோர்ட்டி பெரிய அடையாளமாக எடுத்துக்கொண்டார். இரை தேடிய விதத்தையும் குடும்ப உறவையும் அது ஒருசேரச் சொன்னது. முதுகில் ஒற்றுமையே இல்லாத சில குடும்பங்கள் வாய்ப்பக்கம் ஒன்றுபட்டன.

ஃபோர்ட்டியும் அவருடைய சக ஆய்வாளர் பிரையன் சாட்டர்டனும் 1988இல், அடிப்பக்கத்து நடுத்தையலையும் உருண்டையான குஞ்சுப் பருவத்தையும் சான்றாக வைத்து, அசாஃபஸ் என்ற டிரைலோபைட்டின் உறவினரையும் டிரைநியூக்ளியஸின் உறவினரையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தார்கள். வெகுகாலம் அது நிலைத்தது. 2020இல் அந்தக் குஞ்சுப் பருவங்களையே மறுபடி ஒப்பிட்டுப் பார்த்த நால்வர், உருண்டை வடிவம் இரண்டிலும் வெவ்வேறு வகையில் வந்தது என்று சொல்லி டிரைநியூக்ளியஸின் கூட்டத்தை மீண்டும் தனி வரிசையாகப் பிரித்தார்கள். அந்த நால்வரில் சாட்டர்டனும் ஒருவர். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தாம் சேர்த்துக் கட்டிய முடிச்சைத் தாமே அவிழ்க்க முன்வந்த அந்த நிதானத்தைத் துறவு என்று சொன்னால் அவர் சிரிப்பார். எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

அக்னாஸ்டஸின் கதை இதைவிடச் சிக்கல். சில மில்லிமீட்டர் நீளம், கண் கிடையாது, மார்பில் இரண்டே கணு, தலையும் வாலும் ஒன்றுபோலவே இருக்கும். எது முன் எது பின் என்று பழகாதவர் சொல்ல முடியாது. இது டிரைலோபைட்தானா என்பதே வழக்கு. ஸ்வீடனின் பாறைகளில் மென்மையான கால்களோடு கிடைத்தவற்றை 1987இல் முல்லர், வலோசெக் என்னும் ஆய்வாளர்கள் விவரித்தபோது, அந்தக் கால்கள் இறால், நண்டு பக்கம் சாய்வதாகத் தோன்றியது. 2019இல் கனடாவின் பர்ஜஸ் ஷேல் பாறையிலிருந்து மோய்சியுக், கரோன் என்னும் ஆய்வாளர்கள் காட்டிய உணர்கொம்பும் குடலும் மறுபடி டிரைலோபைட் பக்கம் இழுத்தன. இரண்டு கணு மட்டும் உள்ள ஒரு சிற்றுயிர், தன்னை எங்கே வைப்பது என்று தலைமுறை தலைமுறையாக மனிதர்களை உட்கார வைத்திருக்கிறது.

எல்ராத்தியாவுக்கு வருவோம். இவ்வளவு மலிவாக, இவ்வளவு முழுமையாகக் கிடைக்கும் உயிருக்கு உறவு தெளிவாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். வழக்கமாக அதை டைக்கோபாரியிடா என்னும் வரிசையில் சேர்ப்பார்கள். அந்த வரிசைக்கே தனக்கென்று ஓர் அடையாளம் இல்லை. மற்ற வரிசைகளின் சிறப்புக்குறிகள் எதுவும் இல்லாதவை, அவற்றில் சிலவற்றுக்கு முன்னோராகவும் இருக்கக்கூடியவை, எங்கும் பொருந்தாதவை என்று எல்லாம் அதில் வந்து சேர்ந்தன. பீச்சரின் மூன்றாவது பெட்டியில் நடந்ததே வேறு வடிவில் இங்கும் நடந்திருக்கிறது. இல்லாதவற்றைக் கொண்டு ஒரு குலம். துறையினருக்கு இது வெகுநாளாகத் தெரியும். தெரிந்தே பெட்டியை வைத்திருந்தார்கள், ஏனெனில் பெட்டியை எடுத்துவிட்டால் அதிலுள்ளவற்றைத் தரையில் கொட்ட வேண்டியிருக்கும்.

ஜொனாதன் ஏட்ரைன் என்னும் ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட டிரைலோபைட் பட்டியலில் கொட்டியே விட்டார். உறவு விளங்காத குடும்பங்களை ஏதோ ஒரு வரிசைக்குள் திணிக்காமல், வரிசை உறுதியில்லை என்ற தலைப்பின்கீழ் வைத்தார். அந்தப் பகுதி சின்னது அல்ல. கேம்பிரியன் கடல்களின் குடும்பங்கள் பல அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. அந்தப் பக்கங்களை ஒரு துதிநூலை வாசிப்பதுபோல மெதுவாக வாசிப்பது எனக்குப் பிடிக்கும். இடம் தெரியாதவை என்பதற்காக அங்கே எதையும் குறைத்துவிடவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயரிட்டவர் யார், ஆண்டு எது, அதில் எத்தனை பேரினங்கள், எத்தனை இனங்கள் என்பது, உறுதியான வரிசைகளுக்குக் கொடுத்த அதே முறையில் அங்கும் எண்ணிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.